நடுவில் ஒரு ஸ்கேல்

இந்த பெஞ்சில் உட்காருங்கள் சார். ஆறாம் வகுப்புக்கு இப்போது கணக்கு நடக்கிறது, முடிந்ததும் போகலாம். கேமராவை வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் பிள்ளைகள் சன்னலில் வந்து தொங்குவார்கள், எச்.எம். என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஸ்கேல் முறை பால்துரை சாருடையது இல்லை. என்னுடையது. பயிற்சிக் கையேட்டில் அவர் பெயர் போட்டிருக்கிறது, நீங்களும் அதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறீர்கள். அவர் வட்டார வள மையத்தில் பயிற்றுநர். நல்ல மனிதர். நான் யாரையும் தப்புச் சொல்லவில்லை. ஆனால் ஸ்கேலைப் பிள்ளைகள் கையில் முதலில் கொடுத்தது இந்தப் பள்ளிக்கூடத்தில், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், நான். மங்கையர்க்கரசி. எழுதிக்கொள்ளுங்கள். எல்லாரும் மங்கை டீச்சர் என்பார்கள், ஆனால் வீடியோவில் முழுப்பெயர் வரட்டும்.

வேற்றுமை உருபு என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐ, ஆல், கு, இன், அது, கண். நாம் படித்த காலத்தில் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு ஒப்பிப்போம். இந்தப் பிள்ளைகளும் ஒப்பிக்கும். நான் இந்தப் பள்ளிக்கு வந்த புதிதில் எல்லாம் ஒப்பித்து முடித்த பிறகு போர்டில் எழுதினேன்: நாயைப் பூனை துரத்தியது. யார் முன்னால் ஓடுகிறது என்று கேட்டேன். வகுப்பே பூனை என்றது. நாய்தானே பூனையைத் துரத்தும் என்று எனக்கு நியாயம் வேறு சொன்னார்கள். ஒரு பையன் எழுந்து, “ரெண்டும் ஓடும் டீச்சர்” என்றான். அந்த ஓர் எழுத்து, அந்த ஐ, எந்தச் சொல்லின் பின்னால் போய் ஒட்டுகிறதோ அதுதான் அடி வாங்கும், அதுதான் துரத்தப்படும், அதுதான் கடிபடும். அது பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஒப்பித்தால் புரியாது.

அதனால் விளையாட்டாக்கினேன். பழைய காலண்டர் அட்டைகளின் பின்பக்கத்தில் உருபுகளை எழுதி, கயிறு கட்டி, பிள்ளைகள் கழுத்தில் மாட்டினேன். ஒரு பிள்ளை முன்னால் நிற்கும். அதுதான் சொல். அதன் பெயர்தான் சொல். உருபுப் பிள்ளை பின்னாலிருந்து ஓடிவந்து சொல்லின் கையைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் இரண்டு பேரும் சேர்ந்து ஒட்டின சொல்லைக் கத்துவார்கள். அப்புறம் சொல்லாக நிற்கிற பிள்ளை உடனே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். கையைப் பிடித்தால்தான் ஒட்டும் என்பது சட்டம். பிடிக்காவிட்டால் ஐ வெறும் ஐ, பஞ்சுமிட்டாயைப் பார்த்த பிள்ளை போடுகிற சத்தம். அதற்கு அர்த்தம் கிடையாது.

சொல்லாக நிற்க எல்லாப் பிள்ளைக்கும் வராது. நிதின் என்று ஒரு பையன். அவனை நிறுத்திப் பார்த்தேன். ஐ வந்து கையைப் பிடித்தது. “நிதினை எனக்குப் பிடிக்கும்” என்றான். சரி. ஆல் வந்தது. “நிதினால் எனக்குப் பிடிக்கும்.” கு வந்தது. “நிதினுக்கு எனக்குப் பிடிக்கும்.” எந்த உருபு வந்தாலும் அவனுக்குப் பிடிக்கும். அபிநயாவை நிறுத்தினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், அவ்வளவுதான்.

பூமாரிக்குத்தான் வந்தது. கீழ்க்காலனியிலிருந்து வருகிற பிள்ளை. அம்மா செல்லக்கனி, செங்கல் சூளையில் வேலை. ஒல்லியாக இருப்பாள், குரல் மட்டும் பெரிசு. ஐ வந்து கையைப் பிடித்ததும், “பூமாரியை மழை பிடிச்சா பூமாரிக்கு நல்லது, வாத்தியார் பிடிச்சாத்தான் கெடுதல்” என்றாள். கு வந்தால், “பூமாரிக்கு ரெண்டு முட்டை வைங்க ஆயா” என்று சத்துணவுக்கூடத்துப் பக்கம் திரும்பிக் கத்துவாள். அங்கேயிருந்து ஆயா, “போடி, ஒண்ணுக்கே வழியக் காணோம்” என்று பதில் கொடுப்பாள். ஒரு நாள் நாய் என்ற அட்டையை ஒருவனுக்கு மாட்டி, ஐயை நாயிடம் போகச் சொன்னேன். நாயைப் பூமாரி கடித்தாள். வகுப்பு விழுந்து புரண்டது. அவள் சிரிக்காமல், “கடிச்சேன் டீச்சர். உப்பே இல்ல” என்றாள்.

அந்தப் பருவத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உருபு வந்துவிட்டது. நிதினுக்குக்கூட.

பிறகு நிதினின் அப்பா ராமசுப்பு வந்தார். பெற்றோர் கழகத் தலைவர், வகுப்பில் இருக்கிற டி.வி. அவர் வாங்கிக் கொடுத்தது. வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

“ஒண்ணுமில்ல டீச்சர். நம்ம நிதினுக்குக் கை வேர்க்கும். பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். கண்டவங்க கையப் பிடிச்சா ஒத்துக்கிடாது.”

“டாக்டர்ட்ட காட்டினீங்களா?” என்று கேட்டேன்.

“டாக்டர் எதுக்கு? பிடிக்காம இருந்தாச் சரியாப் போகும்.”

“அபிநயா கையைப் பிடிக்கிறான். ஒண்ணும் ஆகலையே.”

“அது நம்ம பிள்ளைல்லா டீச்சர்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அடுத்தடுத்து இன்னும் சில அப்பாக்கள் வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கை வேர்க்கிற நோய். மேலத்தெருவுக்கு மட்டும். தண்ணீர் காரணமாக இருக்கும் என்று நினைத்தேன் சார், ஒரு தெருவுக்கு ஒரு போர்வெல் அல்லவா. நான் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். இந்த ஊர் விவகாரம் எதுவும் எனக்குத் தெரியாது. எந்தப் பிள்ளை என்ன என்று நான் கேட்பதே இல்லை. வருகைப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தைப் பார்க்கக்கூட மாட்டேன். எனக்கு எல்லாப் பிள்ளையும் ஒன்று.

எச்.எம். கூப்பிட்டார். “டீச்சர், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. நான் ரிட்டையர்டு ஆகப் போறவன். அதுக்குள்ள இந்த கேட்டுக்கு முன்னால ஜீப்பு வந்து நிக்கக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை” என்றார். அவர் மேலும் தப்பில்லை. நான் யாரையும் தப்புச் சொல்லவில்லை.

விளையாட்டை நிறுத்திவிடலாம். நிறுத்தினால் பிள்ளைகள் மறுபடி ராகம் போடும். பூமாரியை உட்கார வைத்துவிடலாம். உட்கார வைத்தால் வாக்கியத்துக்கு எங்கே போவது? அன்றைக்கு மேசை மேல் ஸ்கேல் கிடந்தது, மரஸ்கேல். அப்போதுதான் தோன்றியது. ஸ்கேலின் ஒரு நுனியைச் சொல் பிடிக்கட்டும், மறு நுனியை உருபு பிடிக்கட்டும். ஒட்டின மாதிரியும் ஆச்சு, தொடாத மாதிரியும் ஆச்சு.

அதற்கு இலக்கணமும் கிடைத்தது. அதுதான் இதில் அழகு. பூமாரி என்ற சொல் உயிரெழுத்தில் முடிகிறது. ஐ என்பதும் உயிர். உயிரும் உயிரும் நேராக ஒட்டாது, நடுவில் ஒரு மெய் வந்து சேர்த்து வைக்கும். பூமாரி, ய், ஐ: பூமாரியை. அந்த ய் இருக்கிறதே, அதற்குப் பெயர் உடம்படுமெய். “இந்த ஸ்கேல்தான் பிள்ளைகளா உடம்படுமெய்” என்றேன். பிள்ளைகளுக்கு மகா சந்தோஷம். இலக்கணத்தைக் கையில் பிடித்துப் பார்க்கிற பாக்கியம் நமக்கெல்லாம் கிடைத்ததா சார்?

முதல் தடவை ஸ்கேலை நீட்டியபோது பூமாரி அதன் நுனியைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கையைப் பாவாடையில் இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்துக்கொண்டு பிடித்தாள். நல்ல பழக்கம். பார்த்து மற்ற பிள்ளைகளும் துடைத்துக்கொள்ளட்டும் என்று நான் சொன்னேன்.

சில நாள் போனது. அபிநயா சொல்லாக நின்றாள், பிள்ளைகள் பழக்கத்தில் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார்கள். பூமாரி எழுந்தாள்.

“டீச்சர், அபிநயாவும் உயிர்லதான முடியுது?”

“ஆமா.”

“அப்ப அவளுக்கு ஸ்கேல் குடுக்கலியே?”

சரியான கேள்வி. இப்படிக் கேட்கிற பிள்ளைதான் ஆசிரியருக்கு வேண்டும். “மறந்துட்டேன்டி” என்றேன். அன்றிலிருந்து எல்லாருக்கும் ஸ்கேல். சொல் எதில் முடிந்தாலும் ஸ்கேல். நிதின் மெய்யெழுத்தில்தான் முடிகிறான், அவனுக்கு உடம்படுமெய் வேண்டியதில்லை. இருந்தாலும் கொடுத்துவிட்டேன். ஒருவருக்கு ஒரு நியாயம் இன்னொருவருக்கு ஒரு நியாயம் என்பது என் வகுப்பில் கிடையாது. இப்போது நீங்கள் உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும், யாரும் யார் கையையும் பிடிக்க மாட்டார்கள். விளையாட்டு மைதானத்தில்கூடப் பிடிப்பதில்லை என்று பி.டி. சார் சொல்கிறார். கபடியில் என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பால்துரை சார் பார்வையிட வந்தார். பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து வந்து ஸ்கேலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுதான் மேடம் ஹைலைட்டு. உடம்படுமெய்க்கு இப்படி ஒரு டி.எல்.எம். யாரும் யோசிச்சதில்ல” என்றார். டி.எல்.எம். என்றால் பாடம் நடத்துகிற கருவி. ஏன் ஸ்கேல் வந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வட்டார அளவில் ஆசிரியர்கள் எல்லாரும் கூடுகிற கூட்டம் ஒன்று டவுனில் ஒரு மண்டபத்தில் நடக்கப் போவதாகவும், அங்கே மேடையில் என் வகுப்பு இதைச் செய்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். போகும்போது பூமாரியிடம், “நீதாம்மா ஸ்டார். மேடையில இதே மாதிரி பேசணும்” என்றார்.

அதோடு அந்தப் பிள்ளைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டில் போய் என்ன சொன்னாளோ, மறுநாள் செல்லக்கனி வந்துவிட்டாள். சூளையிலிருந்து நேராக வந்திருந்தாள், முழங்கை வரை செம்மண்.

“எம்பிள்ள மேடையேறப் போறாளாம்ல டீச்சர்?”

“ஆமாம்மா.”

“நாங்களும் வந்து பாக்கலாமா?”

“தாராளமா வாங்க.”

“அவ முன்னால நிப்பாளாம். எல்லாப் பிள்ளையும் அவ பேரச் சொல்லுமாம். நெசந்தானா?”

“நிஜந்தான்.”

“மேஸ்திரிட்ட லீவு சொல்லிருதேன் டீச்சர். தரமாட்டாரு, இருந்தாலும் சொல்லிருதேன்.” போகிறவள் திரும்பி, “என்ன கலர் ரிப்பன் டீச்சர் கட்டணும்?” என்று கேட்டாள். நான் எந்தக் கலராக இருந்தாலும் சரி என்றேன். அவள் போக மனமில்லாமல் நின்றாள். கலர் சொன்னால்தான் போவாள் போலிருந்தது. சிவப்பு என்றேன்.

ஒத்திகை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ராமசுப்பு மறுபடி வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“டீச்சர், எங்க பிள்ளைய எல்லாம் அவளுக்கு வாலாட்டம் பின்னால நிக்கணுமா?”

“உருபு சொல்லுக்குப் பின்னாலதாங்க வரும்.”

“ஏன், முன்னால வந்தா ஆகாதா?”

“தமிழ்ல அப்படி வராது.”

“அப்ப மாத்துங்க.”

“இலக்கணத்தை நான் எழுதலைங்க.”

“அவளப் பின்னால போடுங்க. நிதின முன்னால நிறுத்துங்க.”

“நிதின் முன்னால நின்னா எதுக்கும் பிடிக்கும் பிடிக்கும்னுதாங்க சொல்லுவான்.”

அவருக்கு அது புரியவில்லை. “வேனு நான்தான் தாரேன், நெனப்பு இருக்கட்டும். பிள்ளைகளை அனுப்பணுமான்னு யோசிச்சிக்கிட்டு இருக்காங்க எல்லாரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

யோசித்துப் பாருங்கள் சார். பிள்ளைகளை அனுப்பவில்லை என்றால் நிகழ்ச்சி இல்லை. பூமாரி மட்டும் தனியாக மேடையில் போய் நின்று என்ன செய்வாள்? சொல் இருக்கும், உருபு இருக்காது. ராத்திரியெல்லாம் நான் ஒன்றும் விழித்துக்கொண்டிருக்கவில்லை. நன்றாகத் தூங்கினேன். காலையில் வகுப்புக்குள் நுழைந்தபோது என் நாற்காலி முன்னால் கிடந்தது. அதைப் பார்த்ததும் முடிவாகிவிட்டது. நாற்காலி! அதுவும் இகரத்தில்தான் முடிகிறது. நாற்காலியை, நாற்காலியால், நாற்காலிக்கு. பூமாரிக்கு வருகிற எல்லா உருபும் அதற்கும் வரும். நாற்காலியை முன்னால் போட்டு அதன் மேல் அட்டையை மாட்டிவிட்டால் எந்தப் பிள்ளையும் எந்தப் பிள்ளைக்கும் வால் இல்லை. எல்லாரும் நாற்காலிக்கு வால். ராமசுப்புவுக்குப் போன் செய்தேன். “நாற்காலின்னா சரி” என்றார்.

பூமாரியைக் கூப்பிட்டேன். “உனக்குப் பெரிய பொறுப்புடி. மேடையில நாற்காலியக் கொண்டுவந்து போடுறது நீதான்.”

“நான் சொல்லா நிக்கலியா டீச்சர்?”

“இந்தத் தடவை நாற்காலி நிக்குது.”

“நாற்காலி பேசாதே டீச்சர்.”

“அதெல்லாம் மத்த பிள்ளைக பேசிக்கிடுவாங்க.”

தலையை ஆட்டினாள். “அம்மாட்டச் சொல்லிரட்டா?”

“என்னத்தச் சொல்லணும்? நீயும்தான மேடைக்கு வர்ற.”

அவள் சொல்லவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கூட்டத்தன்று பிள்ளைகள் ராமசுப்புவின் வேனில் வந்தார்கள். பூமாரிக்கு இடம் இல்லை. நாற்காலி ஒரு சீட்டை அடைத்துக்கொண்டது, மடக்குகிற நாற்காலி இல்லை அது. அவள் அம்மாவோடு டவுன் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள், இரண்டு பக்கமும் பூ மாதிரி விரித்து. செல்லக்கனி புதுச்சேலை. கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஆசிரியர்களுக்கான வரிசை அது, யாரோ எழுப்பி விட்டார்கள், அதற்கும் பின்னால் போனாள்.

எங்கள் முறை வந்தது. பூமாரி நாற்காலியைத் தூக்கிவந்தாள். இரண்டு கையாலும் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கினால்தான் அவளுக்கு அது முடியும். முகம் தெரியாது, கால்தான் தெரியும். நடுவில் போட்டாள். சபைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து துண்டால் துடைத்தாள், அப்படித்தான் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அட்டையை மாட்டிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். நன்றாகத்தான் செய்தாள்.

நிதின் ஐ அட்டையோடு ஓடிவந்தான். ஸ்கேலின் ஒரு நுனியை நாற்காலிக் கையில் வைத்து மறு நுனியைப் பிடித்தான். “நாற்காலியை!” என்று கத்தினான். சபையில் கைதட்டல். பால்துரை சார் மைக்கில், “இப்ப வாக்கியம்” என்றார்.

நிதின் நாற்காலியைப் பார்த்தான். நாற்காலி என்ன செய்யும்? என்னைப் பார்த்தான். நான் வாயை அசைத்தேன். அவனுக்கு விளங்கவில்லை. முன் வரிசையில் அதிகாரிகள் இருந்தார்கள். ஒருவர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒத்திகையில் இது வராமல் இல்லை சார், வந்தது. அப்போதெல்லாம் பூமாரி பக்கத்தில் நின்று சொல்லிவிடுவாள், நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “நாற்காலியைப் பூமாரி தூக்கிவந்தாள்.”

மைக் இல்லை, ஒன்றுமில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது. நிதினுக்கு உயிர் வந்தது. அடுத்து கு ஓடிவந்தது. “நாற்காலிக்கு நாலு கால் உண்டு, நடக்கத்தான் தெரியாது.” சபை சிரித்தது. இன் வந்தது. “நாற்காலியின் மேல யாரு உக்காந்தாலும் நாற்காலி ஒண்ணும் சொல்லாது.” போனைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் நிமிர்ந்து கைதட்டினார். நாற்காலியே பேசுவதாகச் சபை நினைத்துக்கொண்டது. பால்துரை சார் அசரவில்லை. “பின்னணிக் குரல் உத்தி” என்று மைக்கில் சொன்னார். அந்த நிமிஷம் வரை அப்படி ஓர் உத்தி இருப்பது எனக்கே தெரியாது. இப்போது கையேட்டில் அது தனித் தலைப்பு. ஸ்கேல், காலி நாற்காலி, பின்னணிக் குரல். எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் நடத்துகிறார்கள். அவர் பெயரில்.

முதல் வாக்கியத்தில் அவள் தன் பெயரைச் சொன்னது மட்டும் தேவையில்லாதது. ராமசுப்பு ஏதாவது சொல்வாரோ என்று பார்த்தேன். மகனுக்குக் கிடைத்த கைதட்டலில் அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை போல.

முடிந்து சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். செல்லக்கனி என்னைத் தேடி வந்தாள்.

“எம்பிள்ள எப்ப டீச்சர் வருவா?”

“முடிஞ்சிருச்சேம்மா.”

“எது முடிஞ்சிட்டு?”

“அவ பேசினாளே, கேக்கலையா?”

“பேசுனது அவளா?” என்றாள். “பூமாரின்னு காதுல விழுந்துச்சு டீச்சர். யாரோ அவளக் கூப்பிடுதாக, இனிமேத்தான் வருவான்னு உக்காந்திருந்தேன். முன்னால இருந்தவுக மறைச்சாங்கன்னு எந்திரிச்சுகூட நின்னு பாத்தேன்.”

அதற்குள் பூமாரி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், வேனில் ஏற்றுவதற்கு. அம்மா அவளை நிறுத்தினாள்.

“ஏட்டி, நீயா பேசுன?”

“ஆமா.”

“பெறவு ஏன் முன்னால வரல?”

அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் பதில் சொன்னேன். “அது ஒரு உத்திம்மா. குரல் மட்டும் வரணும், ஆள் வரக் கூடாது.”

செல்லக்கனி நாற்காலியைப் பார்த்தாள். “நாற்காலியத் தூக்கிட்டு வந்த பிள்ள யாருன்னு பக்கத்துல கேட்டேன்” என்றாள். “யாரோ வேலைக்கு வந்த பிள்ளன்னாங்க. பாவம், சின்னப் பிள்ளையா இருக்கேன்னு நெனச்சேன்.”

நாற்காலியை மகளிடமிருந்து வாங்கித் தானே கொண்டுபோய் வேனில் வைத்தாள். சூளையில் பாரம் தூக்குகிறவள், அவளுக்கு அது ஒரு கனமா? பொட்டலம் வாங்காமல் போய்விட்டார்கள். இரண்டு பொட்டலம் மிஞ்சியது.

அதற்குப் பிறகு பூமாரி வகுப்பில் வாக்கியம் சொல்வதில்லை சார். அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், படம் எடுக்கும்போது அவளைக் கேட்டுவிடாதீர்கள். எழுந்து நிற்பாள். “தெரியல டீச்சர்” என்பாள். அவ்வளவுதான். பரீட்சையில் எல்லாம் சரியாக எழுதுகிறாள், வாயைத் திறந்தால்தான் தெரியல. அடம் என்று சொல்ல முடியாது, முகத்தில் அடம் இல்லை. முகத்தில் எதுவுமே இல்லை. அந்த வயதில் சில பிள்ளைகள் அப்படி ஆகிவிடுகின்றன. சத்து மாத்திரை கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் போனில் சொன்னீர்கள், காலி நாற்காலி கேமராவில் எடுபடாது, ஒரு குழந்தை நின்றால் நன்றாக இருக்கும் என்று. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதனால் நேற்று மத்தியானம் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

“நாளைக்கு வீடியோ எடுக்க வாராங்க. நீயே சொல்லா நில்லு.”

“முன்னாலயா டீச்சர்?”

“முன்னாலதான்.”

“நிதின் அப்பா?”

“அவருக்கு எப்படித் தெரியும்? வீடியோ சென்னைக்குப் போகுது. இந்த ஊர்ல யாரும் பாக்க மாட்டாங்க.”

யோசித்தாள். கண்ணில் ஓர் ஆசை வந்த மாதிரி இருந்தது, எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

“யாருமே பாக்க மாட்டாங்களா டீச்சர்?”

“மாட்டாங்க. பயப்படாத.”

“எங்கம்மா?”

“அம்மா எப்படிடி பாக்க முடியும்? போன் இருக்கா உங்க வீட்ல?”

“பட்டன் போன்தான்” என்றாள். பிறகு, “வேண்டாம் டீச்சர். நாற்காலியே நிக்கட்டும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாம் என்று சொல்வோமே, அப்படி. “நான் அதத் தூக்கவும் மாட்டேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. யாரிடமும் போய் எதுவும் பேச வேண்டியதில்லை பாருங்கள். விட்டுக்கொடுக்கிற குணம் அந்தப் பிள்ளைக்கு. குரலை நானே கொடுத்துவிடுகிறேன், கதவுக்குப் பின்னால் நின்று. வாக்கியங்களைத் தயார் செய்துவிட்டேன், அவள் சொன்ன மாதிரி வராது, பரவாயில்லை.

பெல் அடித்துவிட்டது. அதோ, அந்த மூலையில் இருக்கிறதே, அதுதான் நாற்காலி. வகுப்புக்குள் கொண்டுபோக வேண்டும். நீங்கள் ஒரு பக்கம் பிடிக்கிறீர்களா சார்?